குனிஞ்சு பாருங்க

அந்தத் தெருவின் கடைசி வீட்டு வாசலில் புல் டாக்டர் வந்து இறங்கியபோது காலை ஏழு மணி இருக்கும். புல்லில் பனி காயவில்லை. கேட்டைத் திறந்ததும் அது ஒரு நீளமான முனகல் போட்டது. பழைய வீடு, பழைய கேட், எண்ணெய் கண்டு எத்தனை வருஷமோ. ஆனால் வீட்டுக்கு முன்னால் விரிந்து கிடந்த புல்தரை மட்டும் நேற்றுத்தான் சீவி எண்ணெய் வைத்த தலை மாதிரி பளபளவென்று இருந்தது.

டாக்டர் என்றதும் எழுந்து நின்றுவிடாதீர்கள். அது அவரே சூட்டிக்கொண்ட பட்டம். வண்டியின் பக்கவாட்டில் பச்சைப் பெயிண்டில் 'புல் டாக்டர்' என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் ஒரு ஸ்டெதஸ்கோப்பும் வரைந்து வைத்திருந்தார். ஒரு வட்டமான ரப்பர் ஸ்டாம்பும் உண்டு. வீடு வீடாகப் போய்ப் புல்தரைக்கு என்ன நோய் என்று சொல்வது அவர் தொழில். தொழில் தெரியாதவர் என்று சொல்ல மாட்டேன், தெரியும். தெரிந்த மனுஷன் செய்ததைத்தான் சொல்ல வந்தேன். எல்லாரும் அவரை 'வாங்க, போங்க' என்று ஏகப்பட்ட மரியாதையோடு கூப்பிட்டார்கள். நானும் 'ர்' போட்டே சொல்கிறேன், இப்போதைக்கு.

அவருடைய தாரக மந்திரம் ஒன்று உண்டு. "இழுத்துப் பாத்தீங்களா?" என்பது. யார் போன் செய்து, "டாக்டர், புல்லு காயுது" என்றாலும் முதலில் இதைத்தான் கேட்பார். கேட்கிற தோரணையிலேயே எதிராளி பாதியாகச் சுருங்கிப் போவார். விஷயம் இவ்வளவுதான்: புல்தரையில் காய்ந்த திட்டு தெரிந்தால், அந்தப் புல்லைப் பிடித்து இழுக்க வேண்டும். நாய் மூத்திரம் பட்டுக் கருகிய புல் காய்ந்திருந்தாலும் வேர் மண்ணை விடாது, கையோடு வராது. நடுவில் பழுப்பாகவும், சுற்றிலும் ஒரு வளையம் மட்டும் மற்றப் புல்லைவிடக் கரும்பச்சையாகவும் இருக்கும். அதுவே வேர்ப்புழு தின்ற புல் என்றால் அடியில் வேரே மிஞ்சியிருக்காது. பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருண்டு வந்துவிடும். இழுத்தால் ஒரு நொடியில் தெரிகிற சங்கதி.

வீட்டுக்காரர் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இருந்த ஒரே அதிகாரம் இந்தப் புல்லின் மேல்தான். அந்தக் குடியிருப்புச் சங்கம் வருஷா வருஷம் நடத்தும் புல்தரைப் போட்டியில் எட்டு வருஷமாக அவருக்குத்தான் கேடயம். எட்டும் கூடத்தில் வரிசையாக நின்றன. சொந்தப் பேரன் பேத்தியே அந்தப் புல்லில் கால் வைக்கக் கூடாது, ஓரமாக ஒட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஒன்பதாவது கேடயத்துக்கு இன்னும் நாலு வாரம் இருக்கும்போது புல்லின் நடுவில் அங்கங்கே பழுப்புத் திட்டுகள் வந்துவிட்டன. மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

"நாய்தானே டாக்டர்? சொல்லுங்க, நாய்தானே?" என்று மேனேஜர் பின்னாலேயே ஓடி வந்தார்.

நாய் பக்கத்து வீட்டில் இருந்தது. அந்த வீட்டில் தனியாக இருந்தவர், கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். நாய்க்கு வயசாகிவிட்டது. பின்னங்கால் ஒன்று வேலைக்கு உதவாது, அதைத் தரையில் இழுத்துக்கொண்டே நடக்கும். கழுத்துப் பட்டையில் ஒரு பழைய டைப்ரைட்டரின் வட்டமான சாவி ஒன்றைக் கோத்துத் தொங்கவிட்டிருந்தார் அந்த அம்மாள். அதில் 'ர' என்ற எழுத்து பாதி தேய்ந்து தெரியும். நடக்கும்போது அது பட்டையின் வளையத்தில் பட்டு, கிணிங் என்னும். சட்டைப் பட்டன் மாதிரி இருந்ததால் நாய்க்குப் பெயரே பட்டன்.

டாக்டர் புல்லின் மேல் நடந்தார். வெள்ளைப் பேன்ட், வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, கையில் நுனியில் இரும்புப் பூண் போட்ட கைத்தடி. முதல் திட்டுக்குப் பக்கத்தில் நின்று தடியால் தொட்டார். இரண்டாவதன் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து டைப்பிஸ்ட் அம்மாள் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கொஞ்சம் குனிஞ்சு பாருங்க" என்றார் அந்த அம்மாள்.

டாக்டர் திரும்பினார்.

"நீங்கதான் எல்லாருக்கும் இழுத்துப் பாரு, இழுத்துப் பாருன்னு சொல்லுவீங்களாமே. குனிஞ்சு ஒரு தடவை இழுத்துப் பாருங்க. பட்டனால இந்தச் சுவர் ஏற முடியாது சார். அவனுக்கு மூணு காலுதான்."

அவ்வளவுதான், டாக்டருக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது. ஒரு டைப்பிஸ்ட்டு, தன் மந்திரத்தைத் தனக்கே ஓதுவதா? முட்டி வேறு ஒரு வாரமாக வலி. வெள்ளைப் பேன்ட்டில் பனி ஈரம் ஒட்டும். இதெல்லாம் சாக்கு. அந்த அம்மாள் சொல்லிக் குனிந்ததாக ஆகிவிடுமே என்பதுதான் உள்ளே இருந்தது.

"முப்பது வருஷமா புல்லுல நிக்கிறேம்மா. எனக்குக் குனியவே வேணாம். நின்ன இடத்துலேருந்தே தெரியும்" என்றார்.

மாடுகூடத்தான் புல்லில் நிற்கிறது, அதுவாவது குனிகிறது. மேனேஜர் மட்டும் பூரித்துப் போய் நாலு தடவை தலையாட்டினார்.

அந்த நேரம் பார்த்துப் பட்டன் திறந்திருந்த கேட் வழியாகத் தெருப்பக்கமிருந்து நொண்டி நொண்டி உள்ளே வந்தது. புல்லில் ஏறாமல் ஓரத்துச் சிமென்ட் பாதையிலேயே வந்தது என்பதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. நேராக டாக்டர் எதிரில் வந்து உட்கார்ந்து, கழுத்தை நீட்டி அவருடைய இடது ஷூவை மோந்து பார்த்தது. பிறகு தலை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தது.

"சீ, போ" என்று தடியால் நெஞ்சில் குத்தித் தள்ளினார் டாக்டர்.

புல்லின் நடுவில் நின்றபடியே லெட்டர்பேடை எடுத்து, 'நாயின் சிறுநீரால் ஏற்பட்ட சேதம் என நேரில் ஆராய்ந்து சான்றளிக்கிறேன்' என்று எழுதி, ரப்பர் ஸ்டாம்பை ஊதி ஊதிக் குத்தினார். நேரில் ஆராய்ந்தாராம்!

சங்கத்தின் விதி எளிமையானது. அடுத்தவர் வீட்டில் சேதம் செய்த பிராணி என்று சான்று இருந்தால் நாய்க் காப்பகத்து வண்டி வந்து பிடித்துப் போகும். ஏழு நாள் வைத்திருப்பார்கள். அதற்குள் சான்று தவறு என்று எழுதிக் கொடுத்தால் நாய் வீட்டுக்கு வரும். இல்லையென்றால் வேறு யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். கிழட்டு நொண்டி நாயை யார் எடுப்பார்கள்? ஏழாவது நாள் ஊசிதான். மேனேஜர் புகார் எழுதிச் சான்றோடு கொடுக்க, அன்று மதியமே வண்டி வந்தது. டைப்பிஸ்ட் அம்மாள் கத்தவில்லை, அழவில்லை. பட்டனை அவரே தூக்கிக் கூண்டில் வைத்து, ஏழே நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று அதன் காதில் சொன்னாராம்.

நாலாவது நாள் டாக்டர் வைத்தியத்துக்கு வந்தார். மேனேஜர் வீட்டில் இல்லை. வேலை என்னவென்றால், கருகிய புல்லை வாரிவிட்டு, மண்ணை நன்றாகத் தண்ணீர் விட்டு அலசி, புது மண் போட்டு, புதுப் புல் பதிப்பது. பல் வைத்த இரும்பு வாரியை முதல் திட்டில் போட்டு இழுத்தார்.

புல் சுருண்டு வந்தது.

ஒரு முழ நீளத்துக்கு, பாய் மாதிரி, சத்தமே இல்லாமல் சுருண்டு வந்தது. அடியில் ஒரு வேர்கூட இல்லை. கறுப்பு மண்ணில் கொழுகொழுவென்று வெள்ளைப் புழுக்கள், காற்புள்ளி மாதிரி வளைந்து, வெளிச்சம் பட்டதும் நெளிந்தன. இரண்டாவது திட்டும் அப்படியே சுருண்டது. மூன்றாவதும் சுருண்டது. கரும்பச்சை வளையம் எந்தத் திட்டிலும் இல்லை, அன்றைக்கும் இருந்திருக்காது. முதல் வருஷம் வேலைக்கு வந்தவன்கூடச் சொல்லிவிடுவான்.

டாக்டர் வாரியைக் கீழே போட்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் டைப்பிஸ்ட் அம்மாள் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சார் இருந்துச்சு?"

டாக்டர் காலால் புல்லைத் தள்ளிப் புழுக்களை மூடினார்.

"இன்னும் மூணு நாள் இருக்கு சார்" என்றார் அந்த அம்மாள். குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. "தப்பா சொல்லிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும். நானே ஆட்டோ வெச்சுப் போய்க் கூட்டிட்டு வந்துருவேன். உங்களை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

ஒரு வரிதான். பேனா சட்டைப் பையில் இருந்தது, லெட்டர்பேட் வண்டியில் இருந்தது, ஸ்டாம்பும் மை காயாமல் இருந்தது. எழுதினால் என்ன ஆகும்? புல் டாக்டருக்கே தப்பு வந்துவிட்டது என்று நாலு பேர் நாலு நாள் சிரிப்பார்கள். அஞ்சாவது நாள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்தப் பக்கம் ஒரு உயிர் கூண்டுக்குள் நாள் எண்ணிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் இல்லம்மா. மண்ணுதான்" என்றான்.

கவனித்தீர்களா? இந்த இடத்தோடு அவனுக்குப் போட்ட 'ர்'ரை எடுத்துவிட்டேன். 'டாக்டர்' என்பதில் இருக்கிற ஒன்றை அவனே வைத்துக்கொள்ளட்டும், அது வண்டியில் பெயிண்ட் அடித்தது. நான் கொடுத்தது இங்கேயே ஓரமாகக் கிடக்கட்டும். தகுந்த ஆள் வந்தால் கொடுத்துக்கொள்ளலாம்.

மேனேஜர் திரும்பி வருவதற்குள் புழு மருந்தை ஊற்றி, மண்ணைக் கொட்டி, புதுப் புல்லை வேரோடு பதித்து முடித்துவிட்டான் அந்தப் பெரிய மனுஷன். ஏழாவது நாள் சாயங்காலம் காப்பகத்திலிருந்து ஒரு காகிதக் கவர் டைப்பிஸ்ட் அம்மாளுக்கு வந்தது. அதற்குள் கழுத்துப் பட்டையும் சாவியும் இருந்தன.

புதுப் புல் மூன்று நாள் நன்றாக இருந்தது. நாலாவது நாள் விடிந்ததும் மேனேஜர் போனில் கத்தினார்.

"நாய்தான் இல்லையே டாக்டர்! அப்புறம் இது என்ன?"

போய்ப் பார்த்தான். கேட்டின் கம்பிகளுக்கு மேனேஜர் வலை அடித்திருந்தார், பூனைகூட நுழைய முடியாது. புல்தரை முழுக்கப் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. நடுவில் ஒரு திட்டு. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி வட்டம். நடுவில் வெந்த பழுப்பு. சுற்றிலும் கரும்பச்சை வளையம், செழிப்பாக, மற்றப் புல்லைவிட இரண்டு விரல் உயரமாக. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமான மூத்திரத் திட்டை அவன் கண்டதில்லை. இதெல்லாம் ஒரே ராத்திரியில் வருகிற காரியமா? கருகுவதற்கு ரெண்டு மூணு நாள், வளையம் எழும்ப இன்னும் ஒரு வாரம் ஆகுமே.

பிறகு பனியைப் பார்த்தான்.

பனியில் கால் தடம் இருந்தது. மூன்று பாதம், ஒரு கோடு. மூன்று பாதம், ஒரு கோடு. பின்னங்காலை இழுத்துக்கொண்டு நடந்த கோடு.

தடம் கேட்டிலிருந்து வரவில்லை. சுவரிலிருந்தும் வரவில்லை. புல்லின் நட்டநடுவில் திடீரென்று ஆரம்பித்து, நேராகத் திட்டுவரை வந்து நின்றிருந்தது.

திரும்பிப் போன தடம் இல்லை.

"பக்கத்து வீட்டம்மா வேற நாய் வாங்கிட்டாங்களா?" என்று டாக்டர் கேட்டான். 

"அந்தம்மா வீட்டை விட்டே வெளிய வரல. நீங்க குனிஞ்சு பாருங்களேன், என்னன்னு."

குனியவில்லை. குனிய வேண்டிய அவசியமே இருக்கவில்லை, நின்ற இடத்துக்கே வாடை வந்தது. மூக்கில் ஊசி ஏற்றுகிற மூத்திர நெடி, அதோடு நனைந்த நாயின் வாடை. எதையோ உளறி, தண்ணீர் விடச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

மறுநாள் இரண்டு திட்டு. அதற்கு மறுநாள் மூன்று. ஐந்தாவது திட்டு வந்த அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, செம்பருத்திச் செடி ஓரம் ஒன்று, தடியை ஊன்றி நின்ற இடத்தில் ஒன்று, மேனேஜரோடு பேசிய இடத்தில் ஒன்று. சான்று எழுதிய அன்று காலை அவன் எங்கெங்கே நின்றானோ அங்கெல்லாம் வட்டம் வந்திருந்தது. ஸ்டாம்பு குத்திய இடத்தில் வந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிது.

அவன் ஸ்டாம்பும் வட்டம்தான், இதுவும் வட்டம்தான். சான்றளிக்கிறேன் என்று யாரோ புல்லில் குத்திவிட்டுப் போன மாதிரி இருந்தது.

மேனேஜர் ஒன்பதாவது கேடயத்தைத் தோற்றார். எதிர்வீட்டில் பாதி களையும் பாதி புல்லுமாக இருந்த தரைக்குப் போய்ச் சேர்ந்தது அது. "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்று மேனேஜர் போனை வைத்தார். அவருக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன். புகார் எழுதியது அவர் கைதானே.

வராமல் இருந்தால் விட்டுவிடுமா? பல் டாக்டர் கிளினிக் முன்னால் இருந்த புல்தரைக்கு உரம் போடப் போனான். மறுநாள் அவன் நின்ற இடத்தில் வட்டம் விழுந்தது. பள்ளிக்கூடத்துப் புல்லில் ஓரமாக ஒரு நிமிஷம் நின்றான். மறுநாள் காலை அங்கே வட்டம். ஒரே வாரத்தில் ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. அந்த டாக்டர் வந்துவிட்டுப் போனால்தான் நோயே வருகிறது என்று ஒருவர் சொல்ல, போனில் அவனைக் கூப்பிடுகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். வாய்த்துடுக்கான ஒருவர், "ஏன் டாக்டர், நீங்களே ஒண்ணுக்குப் போயிட்டு வரீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். தப்பை ஒத்துக்கொண்டிருந்தால் நாலு நாள் சிரித்திருப்பார்கள். இப்போது சிரிப்பு நிற்கவே இல்லை.

காலையில் ஷூவை மாட்டும்போது இடது ஷூவின் நுனி மட்டும் ஈரமாக இருந்தது. பட்டன் மோந்து பார்த்த இடம்.

துடைத்து வைத்தான். மறுநாளும் ஈரம்.

நடக்கும்போது பின்னால் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பட்டப்பகலில், பஜாரில், அத்தனை ஹார்ன் சத்தத்துக்கு நடுவில் கேட்டது. டக், டக், டக், சர்ர்ர். அவன் நின்றால் அதுவும் நின்றது.

நின்ற பிறகு, ஒரே ஒரு தடவை, கிணிங்.

கடைசியில் ஒருநாள் மத்தியானம் டைப்பிஸ்ட் அம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றான். புல் உள்ள இடத்தில் நிற்பதை அவன் விட்டுப் பல நாளாகிவிட்டது. சிமென்ட் பாதையில், கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. வருத்தப்பட்டு வந்தான் என்று நினைத்து ஏமாறாதீர்கள். பயந்து வந்தான். செத்த நாயைப் பற்றி அவனுக்கு ஒரு கவலையும் இல்லை, தன் தொழிலைப் பற்றித்தான் எல்லாக் கவலையும்.

"அம்மா, அன்னிக்கு அது... புழுதாம்மா."

"தெரியும்" என்றார் அந்த அம்மாள்.

"தெரியுமா?"

"எனக்குக் காலுதான் வலி, கண்ணு நல்லாத்தான் இருக்கு. பாய் சுருட்டுற மாதிரி சுருட்டுனீங்களே, பாத்துக்கிட்டுத்தானே நின்னேன். அன்னிக்கே சங்கத்துக்குப் போய்ச் சொன்னேன். டாக்டர் எழுதித் தரட்டும்னுட்டாங்க. என் பேச்சுக்கு ரப்பர் ஸ்டாம்பு இல்லையே."

"இப்ப எழுதித் தரேம்மா. எத்தனை காப்பி வேணும்னாலும் தரேன்." அவசர அவசரமாக லெட்டர்பேடை எடுத்தான்.

"எனக்கு எதுக்கு?" அந்த அம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவனுடைய இடது காலுக்குப் பக்கத்தில், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தார். முகம் மெல்ல இளகியது.

"பட்டன், உள்ள வாடா" என்றார்.

டாக்டர் கண்ணை மட்டும் இறக்கித் தரையைப் பார்த்தான்.

ஒன்றும் அசையவில்லை.

"வர மாட்டேங்கறான் சார்" என்றார் அந்த அம்மாள். "உங்க கூடவேதான் இருப்பான் போல. சொல்ல வேண்டியதை அவன்கிட்டயே சொல்லுங்க. கொஞ்சம் குனிஞ்சு சொல்லுங்க, வயசாயிடுச்சு, காது சரியா கேக்காது."

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்போதாவது குனிந்தானா? மாட்டான். அங்கேயிருந்து ஓட்டமும் நடையுமாகப் போனான். பின்னால் டக், டக், டக், சர்ர்ர் என்று அதுவும் போனது.

அவன் குடியிருந்தது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில். ஊருக்கெல்லாம் புல் வளர்த்தவன் வீட்டில் ஒரு தொட்டிச் செடிகூடக் கிடையாது. பால்கனியில் மட்டும் அவன் மனைவி பிளாஸ்டிக் புல் விரிப்பு ஒன்று வாங்கிப் போட்டிருந்தாள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெட்ட வேண்டாம், இவனுடைய பிரசங்கத்தையும் கேட்க வேண்டாம் என்பது அவள் கணக்கு. மண் இல்லாத இடம், வேர் இல்லாத புல். அதில்தான் நாற்காலியைப் போட்டு அவன் வேலையில்லாத நாட்களை ஓட்டினான். அங்கே மட்டும் வட்டம் வராது என்று நம்பினான். நம்பாமல் வேறு எங்கே போவது?

மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே இறங்கவில்லை. சத்தமும் கேட்கவில்லை. நாலாவது நாள் காலை, வெயில் நன்றாக ஏறின பிறகு, மனைவி பால்கனியிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன். வீட்டுல நாயும் இல்ல, பூனையும் இல்ல. இது என்ன கண்றாவி?"

போய்ப் பார்த்தான். நாற்காலியின் பக்கத்தில், அவன் இடது கால் வைக்கிற இடத்தில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம். பிளாஸ்டிக் இழைகள் பழுப்பாகக் கருகிக் கிடந்தன. சுற்றிலும் கரும்பச்சையாக ஒரு வளையம்.

"விடியக்காலையிலேயே பாத்தேன்" என்றாள் மனைவி. "சுத்தியும் நீட்டி நீட்டி நின்னுச்சா, கத்தரிக்கோலால வெட்டி விட்டேன். மறுபடி வளந்திருக்கு பாருங்க. பிளாஸ்டிக்கு எங்கயாவது வளருமா?"

அவன் நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டு நின்றான்.

"பெரிய டாக்டர்தானே, மரம் மாதிரி நின்னுக்கிட்டே இருந்தா? குனிஞ்சு பாருங்க."

குனிந்தான்.

முட்டி இரண்டும் மடமடவென்று முறிகிற மாதிரி சத்தம் போட, குனிந்து, பிறகு மண்டியிட்டு உட்கார்ந்தான். விரிப்பின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான். பாய் மாதிரி சுலபமாகச் சுருண்டு வந்தது. அப்பாடா என்று இருந்தது. சுருட்டிக்கொண்டே வட்டம் வரைக்கும் வந்தான்.

வட்டத்தில் நின்றுவிட்டது.

இழுத்தான்.

வரவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு, பலம் கொண்ட மட்டும் இழுத்தான். விரிப்பு ஒரு பக்கம் டர்ரென்று கிழிந்தது. வட்டம் மட்டும் தரையை விடவில்லை. கிழிந்த சந்தில் முகத்தை வைத்துப் பார்த்தான். வெள்ளை வெளேரென்று, நூல் நூலாக, சிமென்ட்டைத் துளைத்துக்கொண்டு வேர் இறங்கியிருந்தது.

வட்டத்தின் மேல் ஊன்றியிருந்த அவன் இடது கை நனைந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

"என்னங்க அது? புழுவா?" என்று மனைவி கேட்டாள்.

இழுத்துப் பார்த்தாகிவிட்டது. முப்பது வருஷத் தொழில். வேர் மண்ணை விடாவிட்டால் என்ன அர்த்தம் என்பது அவனுக்குத் தெரியாதா?

"நாய்" என்றான்.

காதுக்குப் பக்கத்தில், குனிந்திருந்த முகத்துக்குச் சரியான உயரத்தில், யாரோ மூச்சு விட்டார்கள். மனைவிக்கும் கேட்டிருக்க வேண்டும், கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கிணிங் என்றது.

பட்டன் வந்திருந்தார்.